துள்ளலைத் துரத்தும் கை

செஸ்னா 152 ஒரு குட்டி விமானம். இரண்டே இருக்கை. பல நாடுகளில் மாணவர்கள் பறக்கப் பழகியது இதில்தான். தனியாக ஓட்டும் மாணவரிடம் இது மாட்டிக்கொள்ளும் விதம் ஒன்று உண்டு. இறங்கும்போது வேகம் கொஞ்சம் கூடுதல், மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதும், விமானம் துள்ளும். மாணவர் பதறி மூக்கைக் கீழே அழுத்துவார். விமானம் அதற்குப் பணியும் நேரத்தில், தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். முன்னைவிடப் பலமாக மூக்கில் விழும், இன்னும் உயரமாகத் துள்ளும். இரண்டு மூன்று துள்ளலில் மூக்குச் சக்கரத்தின் கால் மடங்கி, சுழலும் புரொப்பெல்லர் ஓடுபாதையைக் கொத்திவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மூக்குச் சக்கரம் வந்ததே மாணவருக்கு வேலையை எளிதாக்கத்தான். 1946 முதல் 1951 வரை தயாரான செஸ்னா 140க்கு வாலில்தான் சக்கரம். எடையின் மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது சற்றுக் கோணினாலும் வால் முந்தப் பார்க்கும். விமானம் கிறுகிறுவென்று சுற்றிவிடும். 1950களின் இறுதியில் வந்த செஸ்னா 150இல் சக்கரம் மூக்குக்குப் போனது. விமானம் நேராக ஓடியது. ஆனால் உடைவதற்கு ஒரு மூக்குக் காலும் கிடைத்தது.

அதற்காகச் சக்கரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் அருகே பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்துக்குச் சக்கரமே கிடையாது, சறுக்குக் கட்டைகள்தான். ஏற்ற இறக்கத்துக்கான முன்தகடு, கை லேசாக அசைந்தாலே அதிகமாகத் திரும்பும். நான்காவது பறப்பில் வில்பர் 59 நொடிகளில் 852 அடி போனார். மேலும் கீழும் அலைந்து, நடுவில் சீராகி, மறுபடி அலைந்து மணலில் குத்தினார். முன்தகட்டைத் தாங்கிய சட்டம் உடைந்தது. எஞ்சின் விமானத்தைப் பொறுத்தவரை அவரும் ஆசிரியர் இல்லாத மாணவர்தானே!

என் தொழிலிலும் இந்த வியாதி உண்டு. சர்வர் திணறினால் எண்ணிக்கையைக் கூட்டுவோம். பலன் திரையில் தெரிய இரண்டு நிமிஷம் ஆகும். பொறுக்காமல் மறுபடி கூட்டுவோம், பிறகு பதறிக் குறைப்போம். ஒருநாள் ராத்திரி அரை மணியில் அடங்க வேண்டியதை நானே விடியும் வரை இழுத்திருக்கிறேன். பதில் தாமதமாக வரும் இடத்தில், அவசரத் திருத்தம் பிழையை வளர்க்கும்.

விமானப் பள்ளிகளின் மருந்து எளிது. துள்ளலைத் துரத்தாதே; முழு சக்தி கொடு, மூக்கை நிதானமாகப் பிடி, எழும்பிப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வா. தரை இரண்டடியில் தெரியும்போது, இறங்கத் துடிக்கிற கை இதைக் கேட்காது. அதனால்தான் தனியாக அனுப்பும் முன்பே, ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்.