பாறசாலை பிளக்கும் ஆறு முனை கேபிளும்

மோட்டார்ஹோம் வாங்கியாயிற்று. அதன் பின்னால் காரை நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகலாம் என்று கடைக்குப் போனால், "நாலா, ஆறா, ஏழா?" என்றார்கள். கனெக்டரில் எத்தனை கம்பி என்று கேள்வி. (ஊரில் கம்பி எண்ணுவதற்கு வேறு அர்த்தம்!)

பாறசாலையில் எங்கள் வீட்டில் இந்தக் குழப்பமே கிடையாது. ரேடியோவுக்குச் சின்ன பிளக், 5 ஆம்ப். பெரிய சாமான்களுக்குப் பெரிய பிளக், 15 ஆம்ப். மூன்று உருண்டை முள். களியக்காவிளை தாண்டி அத்தை வீட்டுக்குப் போனாலும் சுவரில் அதே மூன்று ஓட்டைதான்.

இதில் ஒரு வேடிக்கை. நெய்யாற்றின்கரையும் தமிழ்ப் பகுதியோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, பாறசாலை கேரளத்தில் நின்றது. 1957-ல் இரண்டு பக்கமும் தனித்தனி மின்வாரியம் வந்தது. பில் வேறு, மொழி வேறு, பிளக் மட்டும் ஒன்று!

அந்த பிளக் 1934-ல் வந்த பிரிட்டிஷ் தரத்தின் வழி வந்தது. போருக்குப் பின் செம்பை மிச்சப்படுத்த வயரிங் முறையையே மாற்றிய பிரிட்டன், 1947-ல் ஃப்யூஸ் வைத்த சதுர முள்ளுக்குத் தாவியது. சிங்கப்பூர், மலேசியா சொந்தங்கள் வீட்டில் பார்ப்பது அதைத்தான். நாம் மாறவில்லை. சுவரில் பதிந்ததை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து மாற வேண்டுமே.

வண்டிக் கனெக்டரும் அப்படித்தான். ஐரோப்பாவின் பழைய ஏழு முள் கனெக்டரில் பிரேக் விளக்குக்குத் தனி முள், இடது வலது சிக்னலுக்குத் தனித்தனி முள். அமெரிக்காவில் பிரேக்கும் சிக்னலும் ஒரே சிவப்பு பல்பில் எரியும் பழக்கம் முன்பே ஊறிவிட்டது. அதனால் நாலு கம்பி போதும்: வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்குத் தனிக் கம்பி கிடையாது. மஞ்சளும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் அதுதான் பிரேக்.

இது தெரியாமல் நானே வயரிங் செய்தேன். எங்கள் காரில் சிக்னல் தனி மஞ்சள் பல்பு. சிக்னல் கம்பி சிக்னல் பல்புக்குத்தானே என்று கொடுத்துவிட்டேன். வாசலில் வைத்து பிரேக் மிதித்ததும் பின்னால் நின்ற மனைவி, "ரெண்டு மஞ்சளும் எரியுது, சிவப்பு எரியலை" என்றாள். ராத்திரி ஹைவேயில் பின்னால் வருகிறவன் அதை பிரேக் என்று எப்படிப் புரிந்துகொள்வான்? உள்ளே குழந்தைகள் இருப்பார்கள். கை நடுங்கிவிட்டது.

பிறகு இரண்டு கம்பிகளையும் சிவப்பு பல்புகளுக்கு மாற்றினேன், நடுவில் டயோடு வைத்து. டயோடு மின்சாரத்தை ஒரு பக்கம்தான் விடும். இல்லையென்றால் மோட்டார்ஹோம் மின்சாரம் காரின் வயரிங்குக்குள் பின்வழியாக நுழையும்.

விளக்குக்கு மட்டும் என்றால் நாலே போதும். ஆனால் இழுக்கும்போது ஸ்டியரிங் பூட்டாமலிருக்க, பல கார்களில் சாவியைத் திருப்பியே வைக்க வேண்டும், பேட்டரி வடியும். அதனால் சார்ஜுக்கு ஒரு கம்பி, ஃப்யூஸோடு. ஆகவே மோட்டார்ஹோம் பக்கம் ஏழு, கார் பக்கம் ஆறு முனை உருண்டை. மிச்சமுள்ள முனை பிரேக் கருவிக்கு. அந்தக் கருவியை இன்னும் வாங்கவில்லை. அதுவரை கார் வாசலில்தான் நிற்கும்.