பிரிந்து வாழும் பெற்றோரும் குழந்தையின் மருத்துவச் செலவும்: வடசென்னையை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

சீவனாம்சம் என்றதும் அத்தொகையின் அளவே முதலில் கருதப்படுகிறது. காப்பீட்டில் அடங்காத குழந்தையின் மருத்துவச் செலவைப் பிரிந்து வாழும் பெற்றோருள் யார், எவ்விகிதத்தில் ஏற்பது என்னும் வினா அதனுள் மறைந்துவிடுகிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளைக் கருத்திற்கொண்டு அவ்வினாவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாதத்தொகையும் வரம்பும்

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, போதிய வருவாயிருந்தும் மனைவி மக்களைப் பேணாதவர்மீது மாதத்தொகை விதிக்க இடமளித்தது. தொடக்கத்தில் 50 ரூபாயாக இருந்த உச்சவரம்பு 1955இல் 500 ரூபாயானது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் அவ்வரம்பையே தொடர்ந்தது. 2001இல்தான் அது நீக்கப்பட்டது. மாதந்தோறும் ஒரே தொகை என்னும் அமைப்பு அரிசிக்கும் வாடகைக்கும் பொருந்தும். திடீரென நேரும் அறுவை சிகிச்சைக்குப் பொருந்தாது. சூழல் மாறினால் தொகையை மாற்ற 127ஆம் பிரிவு வழிவகுத்தது. ஆயினும் அதற்குத் தனி மனு வேண்டும். நோயோ விசாரணை நாளுக்குக் காத்திராது.

சமயமும் வரையறையும்

1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், மருத்துவக் கவனிப்பையும் சிகிச்சையையும் பராமரிப்பின் கூறுகளாக வெளிப்படையாகச் சேர்த்தது. அதன் 20ஆம் பிரிவு தாய், தந்தை இருவரையும் கடமைப்படுத்தியது. கிறித்தவ மீனவரும் இசுலாமியரும் வாழும் இராயபுரத்தில் அனைவர்க்கும் பொதுவாயிருந்தது 125ஆம் பிரிவே. அதில் பராமரிப்பு என்பதற்கு வரையறை இருக்கவில்லை. எனவே ஒரே தெருவில் வாழும் இரு குழந்தைகளுள் ஒன்றன் மருத்துவ உரிமை சட்டத்தின் சொல்லிலும், மற்றதன் உரிமை நீதிமன்றத்தின் விளக்கத்திலும் தங்கியது.

காப்பீட்டு அட்டை

1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் ஆலைத் தொழிலாளரின் குடும்பத்திற்கு மருத்துவப் பயன் அளித்தது. எனினும் குழந்தை காப்பீட்டாளரைச் 'சார்ந்திருக்க' வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தந்தை பணம் அனுப்பாத குழந்தைக்கே இச்சொல் இடர் விளைவிக்கிறது. 2017 முதல் மாத ஊதியம் 21,000 ரூபாயைக் கடந்தோர் இத்திட்டத்தின் வரம்பிற்கு வெளியே உள்ளனர். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கே உரியது. குழந்தையின் பெயர் தந்தையின் குடும்ப அட்டையிலேயே நீடிப்பின், உடன் வாழும் தாய் அப்பயனைப் பெற இடர்ப்படுவார். ஸ்டான்லி அரசு மருத்துவமனை இலவசச் சிகிச்சை அளிப்பினும் போக்குவரத்தும் இழந்த நாட்கூலியும் தாயின் கணக்கிலேயே சேர்கின்றன.

பங்கீட்டு விகிதம்

பத்மஜா சர்மா வழக்கில் (2000) உச்சநீதிமன்றம், பெற்றோர் இருவரும் ஊதிய விகிதப்படி பங்களிக்க வேண்டும் எனக் கொண்டு 2:1 என வகுத்தது. இவ்விகிதப்படி 9,000 ரூபாய்ச் செலவில் தந்தை 6,000 ரூபாயும் தாய் 3,000 ரூபாயும் ஏற்பர். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்பு (2020) இருதரப்பாரும் வருவாய், சொத்து விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாக அளிப்பதைக் கட்டாயமாக்கியது. ஆனால் மீன்பாட்டில் பங்கு பெறுபவருக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் ஊதியச் சீட்டு இல்லை. விகிதம் வகுக்கும் நெறி இருந்தும், வகுக்க வேண்டிய எண் கிடைப்பதில்லை.

முடிவுரை

தொகையின் வரம்பு நீங்கியபோதும் மாதக் கணக்கென்னும் சட்டகம் நீங்கவில்லை. காப்பீட்டிற்குப் புறம்பான செலவின் விகிதம், மருத்துவ ரசீது அளித்தபின் பணம் செலுத்தும் காலவரை, காப்பீட்டு அட்டையை வைத்திருப்பவர் யார் என்பன ஆணையிலேயே தனித்து எழுதப்படின், குழந்தையின் சிகிச்சை அடுத்த மனுவுக்காகக் காத்திருக்க நேராது.