ஒரு நோட்டுப் புத்தகம் ஊர் சுற்றிய கதை

புதுச்சேரி அன்னையின் படம் இல்லாத பூஜை அலமாரி எங்கள் கடலூர்ப் பக்கம் குறைவு. பட்டாம்பாக்கத்தில் மளிகைக் கடைக் காலண்டரில்கூட அவர் முகம் இருக்கும். அவர் யூதக் குடும்பத்துப் பெண் என்பது கும்பிடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கும்பிடுவதை யாரும் நிறுத்தப்போவதில்லை, அது வேறு.

மிர்ரா அல்ஃபஸா என்ற அன்னை பிறந்தது பாரிஸில், 1878 பிப்ரவரி 21. அப்பா துருக்கியிலிருந்தும் அம்மா எகிப்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பாரிஸில் குடியேறி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வீட்டில் மத ஆசாரம் எதுவும் கிடையாது. 1897-ல் ஓவியர் ஆன்ரி மொரிசேவைக் கல்யாணம் செய்துகொண்டார். மறு வருஷம் ஆந்த்ரே என்று ஒரு மகன். 1908-ல் விவாகரத்து. பிறகு பால் ரிஷாருடன் இரண்டாவது கல்யாணம்.

நான் சொல்ல வந்தது அவருடைய நாட்குறிப்பைப் பற்றி. 1912 நவம்பர் வாக்கில் தொடங்கும் பக்கங்கள் அச்சில் கிடைக்கின்றன. கடவுளோடு தனியாகப் பேசுகிற பக்கங்கள் அவை. ஆட்களின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஆனால் தேதியோடு ஊர்ப் பெயரும் வரும். அந்த ஊர்ப் பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே போதும், ஒரு பாஸ்போர்ட்டைப் புரட்டுவது மாதிரி இருக்கும்.

முதலில் பாரிஸ். 1914 மார்ச்சில் ஜெனீவா. அதற்கடுத்து ஊரே இல்லை, 'காகா மாரு' என்ற கப்பலின் பெயர்தான் இருக்கிறது. ஜப்பானியக் கப்பல் அது. ரிஷாரும் அவரும் கொழும்பில் இறங்கி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல் தாண்டி, அங்கே ரயில் ஏறினார்கள். பாம்பன் பாலம் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் அப்போது கிடையாது. ஆகவே புதுச்சேரிக்குப் பிரியும் விழுப்புரத்துக்குத் தனுஷ்கோடி வண்டி போக வேண்டுமென்றால் சிதம்பரம், கடலூர், நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் எல்லாம் தாண்டித்தான் போக முடியும். பெட்டிக்குள் அந்த நோட்டும் எங்கள் ஊரைக் கடந்திருக்கிறது. எங்கள் ஸ்டேஷன் பெயர் அதில் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மார்ச் 29 அன்று புதுச்சேரி. அன்று பிற்பகலில் யோகி ஸ்ரீஅரவிந்தரைப் பார்த்தார். மறுநாள் எழுதிய பக்கம்தான் அந்த நாட்குறிப்பிலேயே பெயர் பெற்றது. அதிலும் அரவிந்தர் பெயர் இல்லை.

ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. உலகப் போர் மூண்டு ரிஷாரைப் படைக்கு அழைத்தார்கள். 1915 பிப்ரவரி 22, தன் பிறந்தநாளுக்கு மறுநாள், அன்னையும் புறப்பட்டார். மறுபடியும் தலைப்பில் கப்பல்: 'காமோ மாரு'. அப்புறம் லுனெல், மார்சியார்க், பாரிஸ். 1916-லிருந்து தோக்கியோ. வர வர பக்கங்கள் குறைகின்றன, இடைவெளிகள் நீள்கின்றன. 1919 செப்டம்பரில் ஓய்வாக்கே என்ற ஜப்பானிய ஊரின் பெயரில் ஒரு பதிவு. 1920 ஏப்ரல் 24 அன்று புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டார். ஜூன் 22-ம் தேதிப் பக்கம் அங்கே எழுதியது. சில மாதங்களில் ரிஷார் பிரிந்து போனார்.

பயணம் நின்றதும் நாட்குறிப்பும் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் புதுச்சேரியைவிட்டுக் குடிபெயரவில்லை. 1926-ல் ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. நாள் முழுக்க ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லும் ஆள், தனக்கென்று உட்கார்ந்து எழுதுவது எப்படி? 1932-ல் தேர்ந்தெடுத்த பகுதிகள் மட்டும் பிரெஞ்சில் நூலாயின. பிறகு தமிழிலும் வந்தன.

ஆந்த்ரே? அம்மா 1914-ல் முதன்முறை இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது பையனுக்குப் பதினைந்து வயது. புதுச்சேரிக்கு வந்து அம்மாவைப் பார்த்தபோது வருஷம் 1949. அம்மாவுக்கு எழுபத்தொன்று, மகனுக்கு ஐம்பத்தொன்று. ஊரெல்லாம் 'அன்னை' என்று கூப்பிடும் இடத்தில், பெற்ற மகன் வரிசையில் எங்கே நின்றிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. அந்தச் சந்திப்புக்கு நாட்குறிப்பில் பக்கம் கிடையாது. 1973 நவம்பர் 17 அன்று, தொண்ணூற்றைந்தாம் வயதில், அன்னை புதுச்சேரியிலேயே காலமானார்.