ஈரலைத் தேடிய ஊசி

மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் வேண்டியிருந்த காலத்தில், தமிழகத்து ஏழை உழவர்கள் படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். காட்டு வழியே தம்புள்ளயைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வழியில் குடித்த குட்டைத் தண்ணீர் வாந்திபேதியையும் வயிற்றுக்கடுப்பையும் தந்தது. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. நடந்து வந்தவனை நினைத்தா வந்தது?

வயிற்றுக்கடுப்பில் ஒரு வகைக்குக் காரணம் அமீபா. அது குடலோடு நில்லாது ஈரலிற் புகுந்து சீழ்க்கட்டியாகும். அதை வெட்டித் திறந்தபோது மாண்டவர் பலர். கல்கத்தாவில் லெனார்ட் ரொஜர்ஸ் 1912இல் எமெற்றீன் என்னும் மருந்தை ஊசியாக ஏற்றினார். கத்தியை விடுத்து, ஊசியால் சீழை உறிஞ்சும் முறையையும் வற்புறுத்தினார். பெரும் முன்னேற்றந்தான். ஆயினும் அந்த ஊசிக்குக் கண் இல்லை. நோவு மிகுந்த இடத்தைக் கையால் தடவியறிந்து, விலா எலும்புகளிடையே ஊகத்தாற் குத்தினர்.

கண்ணைக் கொடுத்தது மீயொலி. ஆனால் ஈரற்கட்டி சில வேளை சுற்றியுள்ள ஈரலைப் போலவே சாம்பல் நிறமாய்த் தோன்றி ஏமாற்றும். 1968இல் அமெரிக்காவின் ரொசெஸ்ரர் நகரில் கிராமியாக், பிரவின் ஷா என்னும் இருவர் இதயத்தைச் சோதிக்கையில் பெருநாடியின் அடியில் திரவம் செலுத்தினர். எதிரொலி மேகம்போற் படர்ந்தது. திரவத்தோடு சென்ற நுண்குமிழிகளே காரணம்! அக்குமிழிகள் விரைவில் அழிந்தன. பின்னாளில் கந்தக ஹெக்ஸாபுளோரைடு வாயுவைக் கொழுப்புறைக்குள் அடைத்து, செங்குருதி அணுவினும் சிறிய, சில நிமிடம் நிலைக்கும் குமிழி செய்தனர். 2001இல் ஐரோப்பா அதை ஏற்றது; ஈரற் சோதனைக்கு அமெரிக்கா அனுமதித்தது 2016இற்றான்.

குமிழி இரத்தத்தோடு மட்டுமே ஓடும். ஆகவே கட்டியில் உயிருள்ள பகுதி ஒளிரும், செத்த பகுதி இருண்டிருக்கும். செத்த இடத்திற் குத்திய ஊசி விடையின்றித் திரும்பும். ஒளிரும் இடத்திற் குத்தினால் நோயின் பெயர் தெரியும். கட்டியைச் சூட்டினாற் கருக்கிய பின், மிச்சம் உண்டா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

மாத்தளைக்கு இதில் தனி அக்கறை உண்டு. காரணம் இன்னும் திட்டமாக நிறுவப்படாத சிறுநீரக நோய், 1990களில் வடமத்திய மாகாணத்திற் கவனத்துக்கு வந்தது. இம்மாவட்டத்து வில்கமுவ உழவரையும் அது பிடித்திருக்கிறது. சி.டி. படத்துக்கு ஏற்றும் அயடீன் மருந்தைப் பழுதுற்ற சிறுநீரகத்துக்குக் கொடுக்க வைத்தியர் தயங்குவர். குமிழியின் வாயுவோ மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்கு வேலையில்லை. சிறு குப்பி மருந்து, குமிழியைக் காட்டவல்ல மீயொலிக் கருவி, பழகிய கை: இம்மூன்றையும் தேடி வில்கமுவ உழவன் எத்தனை பஸ் மாற வேண்டும், எத்தனை நாட்கூலியை இழக்க வேண்டும்?