பேராசிரியர் எக்ஸும் மார்ட்டின் லூதர் கிங்கும்: ஓர் ஒப்புமையின் வரலாறு

எக்ஸ்-மென் குழுவின் ஆசானும் பிறர் மனத்தை அறியும் ஆற்றலுடையவருமான சார்லஸ் சேவியர், மார்ட்டின் லூதர் கிங்கின் சாயல். அவருடைய எதிரி மேக்னீட்டோ, மால்கம் எக்ஸின் சாயல். சித்திரக்கதை குறித்த மாணவர் கட்டுரைகளில் இக்கூற்று சான்று வேண்டாத உண்மையாகவே இடம்பெறுகிறது. பெங்களூரு சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் தேடி, தொடக்ககால இதழ்களின் மறுபதிப்பு கிடைத்தால் வாசித்துப் பாருங்கள், ஐயம் எழும்.

ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த முதல் இதழ் 1963 செப்டம்பர் எனத் தேதியிடப்பட்டது. அதில் மேக்னீட்டோ, ராணுவ ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றும் வழக்கமான வில்லன். ஒடுக்கப்பட்டோரின் வரலாறு எதுவும் அவனுக்கு இல்லை. இரண்டாம் இதழில் சேவியர், வேனிஷர் என்னும் எதிரிக்குத் தன் ஆற்றலே மறந்துபோகும்படி செய்கிறார். மூன்றாம் இதழில் பிளாப் என்பவனின் நினைவுகளை அழிக்கிறார். எவரிடமும் இசைவு கேட்கப்படவில்லை.

மேக்னீட்டோவுக்கு வரலாறு பின்னரே வாய்த்தது. 1975 முதல் 1991 வரை தொடரை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட், 1981-இல் வெளிவந்த 150-ஆம் இதழில் அவனை நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பியவனாக்கினார். மறு ஆண்டு, அவனும் சேவியரும் இஸ்ரேலின் ஹைஃபாவில் நண்பர்களாயிருந்த கதையை எழுதினார். மேக்னீட்டோவை வடிவமைக்கையில் தம் நினைவிலிருந்தவர் இஸ்ரேலியத் தலைவர் மெனாகெம் பெகின் என அவரே நேர்காணல்களில் கூறியுள்ளார். 2000-ஆம் ஆண்டுத் திரைப்படமோ மால்கம் எக்ஸின் புகழ்பெற்ற தொடர் ஒன்றை மேக்னீட்டோவின் வாயில் வைத்தது. ஒப்புமை மேலும் வேரூன்ற அது துணைசெய்தது.

பிற்கால வாசிப்பு பிழையன்று. ஒரு படைப்பு காலந்தோறும் புதுப்பொருள் பெறுவது இயல்பே. ஆனால் அப்பொருளை 1963-இன் நோக்கமாகக் காட்டுவது காலவழு. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. காந்தியிடமிருந்து கிங் கற்ற அறப்போர், எதிராளி தானே மனம் மாறுவதற்காகத் தன்னுடலில் துன்பம் ஏற்பது. சேவியரோ எதிராளியின் மனத்துள் புகுந்து தாமே அதை மாற்றிவிடுகிறார். இவ்விருவரையும் ஒருவராகக் காணும்போது, அறப்போரின் உயிர்நாடியான எதிராளியின் சுதந்திரம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்புமையை எழுதும்முன் இதழின் எண்ணையும் ஆண்டையும் எழுதுங்கள்.