மூன்று கோலப் பெண்

ஜவ்வாது மலை ஊர்களில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ உள்ள கொல்லையில், மழைக்குப்பின் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று தாழப் பறந்து இலைகளில் முட்டையிடுவதைக் காணலாம். கறிவேப்பிலை அழகி என்பது அதன் பெயர். ஆண்கள் எல்லாம் ஒரே அச்சு. கறுப்பு இறக்கையில் வெண்புள்ளி வரிசை. பெண்ணுக்கோ மூன்று கோலங்கள். ஒன்று ஆணைப் போன்றது. மற்றொன்று ரோஜா அழகியைப் போலவும், மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும்.

லின்னேயசே இதில் ஏமாந்தார். 1758இல் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு வேறு பெயரும் சூட்டி இரண்டு இனங்களாக்கிவிட்டார். மூன்று பெண்களும் ஓரினமே என்று 1865இல் விளக்கியவர் வாலஸ். அமேசான் காடுகளில் பதினோராண்டு சுற்றிய பேட்ஸ் 1862இல் வெளியிட்ட கருத்து அவருக்குக் கைகொடுத்தது. ரோஜா அழகி, சிவப்புடல் அழகி இரண்டின் புழுக்களும் ஈசுரமூலி இனக் கொடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை ருசி பார்த்த பறவை பிறகு அந்த நிறத்தையே நாடாது. நஞ்சில்லாத பூச்சி அந்நிறத்தைப் பூண்டால் அதுவும் தப்பும். சிவப்புடல் அழகி பறக்கும் இடங்களில்தான் அதன் போலியும் மிகுதி. அசல்கள் இரண்டும் இல்லாத சிம்லாப் பக்கம் காணப்படுவது ஆணை ஒத்த பெண்ணே.

ஆனால் இக்கோலம் சிறுகச் சிறுக அமைந்ததா, ஒரே பாய்ச்சலில் வந்ததா? மாணவர்கள் தேர்வில் வரையும் 'பன்னெட் சதுர'த்தின் பன்னெட் 1909இல் இலங்கை சென்று இப்பூச்சியை ஆராய்ந்தார். இடைப்பட்ட வடிவங்கள் இல்லையே, எனவே சடுதிமாற்றமே காரணம் என்றார். அங்கே இவற்றை வளர்த்துக் கலப்புச் செய்த ஃபிரையரின் முடிவுகளும் மெண்டல் விதிக்கு இசைந்தன. டார்வின் கட்சிக்கு இது பலத்த அடி. இயற்கைத் தேர்வு நிறத்தை உருவாக்கவில்லை, வந்ததை வைத்துக்கொண்டது, அவ்வளவே என்றாகிவிடும் அன்றோ! 1927இல் ஃபிஷர் மறுத்தார்: இன்று ஒரே ஜீன் கோலத்தை மாற்றுகிறது என்பதனால், தொடக்கத்திலேயே கோலம் முழுமையாக இருந்தது என்று பொருளாகாது. என் நோக்கில் வலுவான வாதம் இதுதான். விளக்கு ஒரே சுவிட்சில் எரிகிறது. அதற்காகக் கம்பிகளை ஒரே நொடியில் இழுத்தார்கள் என்போமா?

2014இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குந்தே முதலியோர் அந்தச் சுவிட்சைக் கண்டுபிடித்தனர். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை வகுக்கும் 'டபிள்செக்ஸ்' என்ற ஜீனே அது. ஜீன் ஒன்றுதான், அதனுள் மாற்றங்கள் பல. ரோஜா அழகியைப் போன்ற வடிவில் அப்பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதால், அம்மாற்றங்கள் பிரிந்துபோகாமல் ஒன்றாகவே மகளுக்குச் செல்கின்றன. மகனுக்கும் செல்கின்றன, வெளியே தெரிவதில்லை.

பறவை அறியாத அடையாளம் ஒன்று நமக்கு உண்டு: அசல்களுக்கு உடலில் சிவப்பு உண்டு, போலியின் உடல் கறுப்பு.