ஐசியூவில் இடம் இருக்கா? அது இணையத்தளத்துக்கு எப்படித் தெரியும்?

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி: எங்கே படுக்கை காலி?

"அதுக்கு ஒரு இணையத்தளம் போதுமே!" என்று நீங்கள் நினைக்கலாம். மருத்துவமனையின் பெயர், மொத்தப் படுக்கைகள், நிரம்பியவை. ஓர் அட்டவணை, அவ்வளவுதானே?

முதல் சிக்கலே எதைப் படுக்கை என்று எண்ணுவது என்பதுதான்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2021இல் கிட்ஹப் தளத்தில் வெளியிட்ட ஐசியூ தரவைத் திறந்து பாருங்கள். அதிகாரபூர்வ ஐசியூ படுக்கைகள் தனி. மயக்கவியல், தீவிர சிகிச்சைத் துறையின் பொறுப்பில் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ சேர்க்கப்பட்டவை தனி. கொவிட் நோயாளிகளுக்கு ஒதுக்கியவை தனி. சுவாசக் கருவிகளில்கூட, தூக்கிச் செல்லக்கூடியவற்றுக்குத் தனிக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டினால், அவசரத்துக்கு மாற்றிய படுக்கையும் முழு வசதியுள்ள படுக்கையும் திரையில் ஒன்றாகிவிடும்.

ஜெர்மனி இதில் இன்னும் கறார். அங்குள்ள மருத்துவமனைகள் 'திவி' என்ற இணையப் பதிவேட்டில் தங்கள் ஐசியூ நிலவரத்தைத் தினமும் பதிவுசெய்யவேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வந்தது. இடம், கருவி இரண்டும் இருந்தாலும் போதாது. பார்த்துக்கொள்ள மருத்துவரும் தாதியும் இல்லையென்றால் அந்தப் படுக்கை கணக்கில் வராது. சாதாரணக் கண்காணிப்பு, குழாய் செருகிச் சுவாசம் கொடுப்பது, நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ ஆகியவற்றுக்குத் தனித்தனியே பச்சை, மஞ்சள், சிவப்பு. இரவில் நோயாளியை எங்கே அனுப்புவது என்று தேடும் மருத்துவருக்கு மொத்த எண்ணிக்கையைவிட அந்த நிறம்தான் உதவும்.

சரி, நீங்களே ஒன்றை உருவாக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'காலி', 'நிரம்பியது' என்ற இரண்டு நிலை மட்டும் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நோயாளி தேறிவிட்டார், ஆனால் சாதாரண வார்டில் இடமில்லாமல் இங்கேயே காத்திருக்கிறார். இன்னொரு படுக்கை இப்போதுதான் காலியானது, சுத்தம் செய்கிறார்கள். இவை இரண்டும் 'காலி' இல்லை, ஆனால் சீக்கிரம் ஆகலாம்.

அடுத்தது நேரம். எண்ணைவிட அது எப்போது பதிவானது என்பது முக்கியம். ஆறு மணி நேரத்துக்கு முந்திய 'காலி' ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். பழைய தகவலைத் திரையே மங்கலாகக் காட்டட்டும்.

ஒரே படுக்கையை இரண்டு மருத்துவமனைகள் ஒரே நிமிடத்தில் கேட்டால்? முதலில் கேட்டவருக்குக் குறிப்பிட்ட நேரம் பிடித்துவைக்கலாம். ஆம்புலன்ஸ் புறப்படவில்லை என்றால் அந்தப் பிடிப்பு தானாக விலகவேண்டும்.

பெரும்பாலும் பலரும் மறப்பது தாதியை. வேலைநேரம் மாறும் அவசரத்தில் இருபது கட்டங்களை யார் நிரப்புவார்? மருத்துவமனையின் அனுமதிப் பதிவிலிருந்து முடிந்ததைத் தானாக எடுங்கள். அவர் தட்டவேண்டியது இரண்டு, மூன்று பொத்தான்களாக இருக்கட்டும். பொதுப் பலகையில் நோயாளியின் பெயர் தேவையே இல்லை.

யாரை அனுமதிப்பது என்பதை மருத்துவர்கள்தான் பேசி முடிவுசெய்வார்கள். அதனால் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பக்கத்தில், அந்த நேரத்தில் பொறுப்பில் உள்ள மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் போட்டுவிடுங்கள்.